எரிந்துபோன அறைகளுக்குள் மறுபடியும் நுழைவது எப்படி? - ஒரு நீண்ட த்ரெட்

இன்னைக்கு மருத்துவம் இல்லை, வரலாறு. ஆனா நடுவுல மருத்துவம் வரும். கொஞ்சம் பெரிய த்ரெட், நிதானமா படிங்க.

1. வருஷம் 1858. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஒரு பழைய தேவாலயம். ஆல்பிரெக்ட் மேடன்பாவர் என்ற 24 வயது கட்டிடக்கலைஞர் அதன் முகப்பை அளந்துகொண்டிருக்கிறார். உயரத்தில் ஒரு ஜன்னலுக்குள் கால் வைக்கும்போது நிலை தடுமாறுகிறது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

2. வேற யாராவதா இருந்தா வேலையை விட்டுட்டுப் போயிருப்பாங்க. மேடன்பாவருக்கு வந்த யோசனை வேற. "உயிரைப் பணயம் வெச்சு ஏறி அளக்கறதுக்குப் பதிலா, கீழேயிருந்து போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவுல இருந்தே அளவு எடுக்க முடியாதா?" அப்போது புகைப்படக்கலைக்கே வயது இருபது தான்.

3. அந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது படத்திலிருந்து அளவெடுக்கும் கலை. 1885-ல் பிரஷ்ய அரசு இதற்காகவே பெர்லினில் ஒரு நிறுவனம் தொடங்கி, அவரையே தலைவராக்கியது. அங்கே சேர்ந்த கண்ணாடி நெகட்டிவ்கள் சுமார் 20,000. ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து வருஷம் இருந்தது.

4. இது எப்படி வேலை செய்யுதுன்னு எக்ஸ்ரேவை வெச்சே சொல்றேன். கை எலும்பு முறிவுக்கு நாங்க ஒரு எக்ஸ்ரேவோட விடமாட்டோம். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுப்போம். ஒரு படத்துல ஆழம் தெரியாது. ரெண்டு கோணம் இருந்தா எலும்பு எந்தப் பக்கம் விலகியிருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்.

5. கட்டிடத்துக்கும் அதே கணக்கு. ஒரே தூணை ரெண்டு இடத்துல நின்னு படம் எடுத்து, கேமரா நின்ற இடங்களும் தெரிந்தால், முக்கோணக் கணக்குப் போட்டு அந்தத் தூணின் உயரம், தூரம் எல்லாம் சொல்லிடலாம். அன்றைக்குப் பேப்பர்ல கோடு போட்டுச் செய்ததை இன்றைக்குக் கணினி செய்கிறது.

6. சரி, கட்டிடம் நிக்குது, அளந்துக்கலாம். கட்டிடமே இல்லாமப் போயிட்டா? நாலு பழைய போட்டோ மட்டும் மிச்சம்னா? அந்த அறைக்குள்ள நின்னவங்கள்ல பலரும் கொல்லப்பட்டிருந்தா? இந்த த்ரெட் அதைப் பத்திதான்.

7. 1938 நவம்பர் 9 இரவு. நாஜி ஆட்சியில் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுக்க யூதர்களின் ஜெப ஆலயங்களுக்குத் (சினகாக்) தீ வைக்கப்பட்டது. 1,400-க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்களும் வழிபாட்டு அறைகளும் அழிந்தன அல்லது சூறையாடப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் கைதாகி வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

8. தீயணைப்பு வண்டிகள் வரத்தான் செய்தன. பக்கத்துக் கட்டிடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர்களுக்கு உத்தரவு. அந்த இரவே ஹைட்ரிக் அனுப்பிய தந்தியில் இன்னொரு உத்தரவும் உண்டு: ஆலயங்களில் இருக்கும் ஆவணங்கள் அழியக்கூடாது, காவல்துறை கைப்பற்ற வேண்டும். கட்டிடம் எரியலாம், பேப்பர் எரியக்கூடாது!

9. இதுக்கு மேல ஒரு கொடுமை. பல ஊர்களில் எரிந்த கட்டிடத்தை இடித்து அகற்றிய செலவையும் யூத சமூகத்திடமே வசூலித்தார்கள். அது போக, நூறு கோடி ரைக்ஸ்மார்க் கூட்டு அபராதம். அடிபட்டவன்கிட்டயே அடிச்சதுக்குக் கூலி கேட்ட கதை.

10. அந்த இடங்கள்ல அப்புறம் என்ன வந்தது? ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிரீட்பெர்கர் அன்லாகே ஜெப ஆலயம் இருந்த இடத்தில் போர்க்காலத்தில் ஒரு வான்தாக்குதல் பதுங்கு கட்டிடம் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. கொலோனில் கிளாக்கன்காஸ ஆலயம் இருந்த இடத்தில் இப்போது ஓபரா அரங்கம். மியூனிக்கின் பிரதான ஆலயம் கார் நிறுத்துமிடம் ஆனது.

11. மியூனிக் கதையைத் தனியா சொல்லணும். அது நவம்பர் வரைகூட காத்திருக்கவில்லை. ஹிட்லரின் உத்தரவில் 1938 ஜூன் மாதமே இடிக்கப்பட்டது. யூத சமூகத்துக்குத் தகவல் வந்தது முதல் நாள்தான். கடைசி வழிபாட்டை நடத்தி, தோரா சுருள்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் இடிப்பு தொடங்கியது. கட்டி 51 வருஷம்தான் ஆகியிருந்தது.

12. இப்ப ஒரு சின்ன சோதனை. "நவம்பர் 1938 ஜெர்மனி"ன்னு சொன்னா உங்க மனசுல என்ன படம் வருது? தீ. உடைந்த கண்ணாடி. புகை. எல்லாருக்கும் அதுதான் வரும், ஏன்னா நாம திரும்பத் திரும்பப் பார்த்த படங்கள் அவை. எரியறதுக்கு முந்தின நாள் அந்த அறை எப்படி இருந்ததுன்னு கேட்டா? ஒண்ணும் வராது.

13. இதுல ஒரு விபரீதம் இருக்கு. எரித்தவன் விட்டுச்சென்ற காட்சி மட்டும் நம்ம ஞாபகத்துல நிக்குது. அங்கே பாடினவங்க, தூங்கி வழிஞ்ச குழந்தைங்க, கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடிகள், யாருமே இல்லை. ஒரு மனுஷனோட வாழ்க்கையை அவரோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை மட்டும் வெச்சுத் தெரிஞ்சுக்கற மாதிரி இது.

14. 1994 மார்ச் 25. ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு ஜெப ஆலயத்துக்கு மறுபடியும் தீ வைத்தார்கள். நாஜி காலத்துக்குப் பிறகு அந்த நாட்டில் ஒரு ஜெப ஆலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது அதுவே முதல் முறை. மேல்மாடியில் குடியிருந்தவர்கள் உயிர் தப்பினர். நாலு வலதுசாரித் தீவிர இளைஞர்கள் தண்டிக்கப்பட்டனர்.

15. டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்துக்கொண்டிருந்த மார்க் கிரெல்லர்ட் என்ற மாணவரை அந்தச் செய்தி உலுக்கியது. ஊர்வலம் போகலாம், கண்டன அறிக்கை விடலாம். கட்டிடக்கலை மாணவனால் வேறென்ன முடியும்? அழிக்கப்பட்ட ஜெப ஆலயங்களைக் கணினியில் திரும்பக் கட்டுவது. 1995-ல் பேராசிரியர் மான்ஃப்ரெட் கோப் துணையோடு மாணவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

16. 1995-ல கணினி எந்த லட்சணத்துல இருந்ததுன்னு இப்ப 40 வயசு தாண்டினவங்களுக்குத் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட் ஆலயங்களில் தொடங்கி, அப்புறம் கொலோன், டிரெஸ்டன், மியூனிக், ஹனோவர், லைப்சிக் என்று போய், 25-க்கும் மேற்பட்ட ஆலயங்கள். 2000-ல் பான் நகரில் பெரிய கண்காட்சியே வைத்தார்கள்.

17. எப்படிச் செய்தார்கள்? டாக்டர்கள் கேஸ் ஹிஸ்டரி எடுக்கற மாதிரியேதான். முதலில் பழைய ரெக்கார்டு. கட்டிடம் கட்ட அனுமதி வாங்கியபோது நகராட்சியில் கொடுத்த வரைபடம் எங்கயாவது கிடைக்குதா? பல ஊர்களில் அதுவும் உலகப்போர் குண்டுவீச்சில் போய்விட்டது. அப்புறம் பழைய போட்டோ, போஸ்ட் கார்டு, திறப்பு விழாவின்போது வந்த கட்டுரைகள்.

18. ஒரே ஒரு போட்டோதான் இருக்குன்னா? அப்பவும் முழுசா கைவிட வேண்டாம். அறையின் இணைகோடுகள் படத்தில் போய்ச் சேரும் புள்ளியைக் கண்டுபிடித்தால் கேமரா எங்கே நின்றது என்று கணக்கிடலாம். ஏதாவது ஒரு உண்மையான அளவு தெரிந்தால் (வரைபடத்தில் உள்ள அகலம், ஒரு கதவின் உயரம்) மற்ற அளவுகளும் வந்துவிடும். இடப்பக்கம் ஆறு தூண் தெரிந்தால் வலப்பக்கமும் ஆறு என்று ஊகிக்கலாம். ஆமா, ஊகிக்கலாம். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

19. அடுத்து, நிறம். அத்தனை போட்டோவும் கருப்பு வெள்ளை. "சாம்பல் எவ்வளவு அடர்த்தியோ அதை வெச்சு நிறத்தைக் கண்டுபிடிச்சிடலாமே"ன்னு தோணும். முடியாது. அந்தக் காலத்துப் பெரும்பாலான கண்ணாடித் தகடுகள் சிவப்பு ஒளியை உணராது, நீலத்தை அதிகமாக உணரும். அதனால் சிவப்புச் சுவர் படத்தில் கிட்டத்தட்டக் கருப்பா விழும். நல்ல நீல விதானம் வெளுத்துப்போய் வெள்ளையாத் தெரியும்.

20. அதாவது படம் பொய் சொல்லலை, ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் அதுகிட்ட இல்லை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு எல்லை உண்டுன்னு எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக்கொடுப்பாங்க. எக்ஸ்ரேவுல தசைநார் கிழிஞ்சது தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்"னா கால் நார்மல்னு அர்த்தம் இல்லை.

21. அப்ப நிறத்தை எங்கே தேடுறது? எழுதப்பட்ட வர்ணனைகளில். அதே கட்டிடக்கலைஞர் கட்டி, இன்னும் நிற்கும் வேறு கட்டிடங்களில். கடைசியா, மனிதர்களிடம். சிறு வயதில் அங்கே போய் வந்து, தப்பிப் பிழைத்து, உலகம் முழுக்கச் சிதறிய முதியவர்களிடம். 2002-ல் இந்தக் குழு 2,000-க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்களுக்கு ஓர் இணையக் காப்பகமே தொடங்கியது. யார் வேணா படமும் நினைவும் சேர்க்கலாம்.

22. எழுபது எண்பது வயசுல, பத்து வயசு ஞாபகத்தை நம்பலாமா? இங்கேதான் என் துறை வருது. ஓபி-யில நாங்க தினமும் பார்க்கறது: காலையில சாப்பிட்டது மறந்துபோன பாட்டி, பிறந்த வீட்டுத் திண்ணையில எத்தனை தூண்னு சரியாச் சொல்லுவாங்க. புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசியில் போகும். 1880-களிலேயே ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதைச் சொல்லிவிட்டார்.

23. அதனால முதியவர்களின் சிறு வயது ஞாபகத்துக்கு மதிப்பு உண்டு. ஆனா அப்படியே எடுத்துக்கவும் முடியாது. குழந்தைக்கு எல்லாமே பெருசு. பத்து வயசுல பார்த்த மாடம் வானத்தைத் தொடும். நீங்க படிச்ச ஆரம்பப் பள்ளிக்கு இப்ப போய்ப் பாருங்க, வராந்தா சுருங்கிப்போன மாதிரி இருக்கும். அளவுக்கு வரைபடம், நிறத்துக்கும் உணர்வுக்கும் மனிதர். ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்.

24. இன்னொரு சிக்கல் இன்னும் ஆழமானது. கோர்சகோஃப் சிண்ட்ரோம்னு ஒரு நோய். பெரும்பாலும் நாள்பட்ட குடியாலும், பி1 வைட்டமின் குறைபாட்டாலும் வரும். நோயாளிக்குப் புதிய நினைவு எதுவும் தங்காது. "நேத்து என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டா, "மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன், பிரியாணி நல்லா இருந்தது"ன்னு விலாவாரியாச் சொல்வார். நேத்து முழுக்க வார்டுலதான் படுத்திருந்தார்!

25. அவர் பொய் சொல்லலை. ஏமாத்தற எண்ணமே கிடையாது. மூளை இருக்கிற ஓட்டையைத் தானாகவே நிரப்பிவிடுகிறது, நிரப்பினது அவருக்கே தெரியாது. இதை கன்ஃபேபுலேஷன்னு சொல்வோம். நோய் இல்லாத நாமும் கொஞ்சம் கொஞ்சம் இதைச் செய்கிறோம். 1932-ல் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் காட்டினார்: அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைத் திரும்பச் சொன்ன ஆங்கிலேயர்கள், தெரியாத விஷயங்களைத் தங்களுக்குத் தெரிந்ததாக மாற்றிக்கொண்டார்கள்.

26. இப்ப கணினியில கட்டின அறைக்கு வாங்க. இடப்பக்கத் தூண்களுக்கு போட்டோ ஆதாரம் இருக்கு. வலப்பக்கம் ஊகம். விதான நிறம் ஒரே ஒரு முதியவரின் ஞாபகம். படம் எடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு ஆதாரமே இல்லை. ஆனா திரையில பார்க்கும்போது நாலுமே ஒரே பளபளப்பு, ஒரே உறுதி. கணினி நம்ம கோர்சகோஃப் நோயாளி மாதிரிதான் பேசுது. எது தெரிஞ்சது, எது நிரப்பினதுன்னு சொல்லாது.

27. இந்தத் துறை ஆட்களுக்கு இது தெரியும். அதனால 2006-ல் "லண்டன் சாசனம்" என்று ஒன்று உருவானது. 2009-ல் திருத்தி வெளியிட்டார்கள். சாரம் எளிது: எதற்கு ஆதாரம் உண்டு, எது ஊகம், ஏன் அப்படி ஊகித்தோம் என்பதைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் நாளைக்கு வேறொருவர் சரிபார்க்கவோ திருத்தவோ முடியும்.

28. சில ஆய்வாளர்கள் ஒரே மாதிரியை ரெண்டு விதமாக் காட்டுவார்கள். ஒன்று அழகான படம். இன்னொன்றில் உறுதியானதற்கு ஒரு நிறம், ஊகத்துக்கு ஒரு நிறம், வெறும் கற்பனைக்கு ஒரு நிறம். எங்க ஸ்கேன் ரிப்போர்ட்டுல "இருக்கலாம்", "பெரும்பாலும்", "நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்"னு எழுதுவாங்களே, அதேதான். நீங்க எரிச்சலோட படிக்கிற அந்த வரிகள்தான் ரிப்போர்ட்டின் நேர்மை.

29. ஊகம் தவறாகலாம்னு எழுதி வைக்கறதால என்ன லாபம்? மியூனிக்குக்குத் திரும்பப் போவோம். 2023 கோடையில் இசார் ஆற்றில் ஒரு தடுப்பணை வேலை நடந்தது. தண்ணீருக்கடியிலிருந்து செதுக்கிய கற்கள் வந்தன. 1938 ஜூனில் இடித்த அதே ஜெப ஆலயத்தின் கற்கள்! இடிபாட்டை 1950-களில் அணையைச் சரிசெய்யக் கொட்டியிருந்தார்கள். பத்துக் கட்டளைகள் பொறித்த பலகையின் துண்டும் அதில் இருந்தது.

30. பல பத்தாண்டுகள் தண்ணிக்கும் மண்ணுக்கும் நடுவுல கிடந்த சாட்சி. இப்படி ஒரு கல் கிடைத்தால், போட்டோவில் வெறும் சாம்பலாத் தெரிந்தது நிஜத்தில் என்ன கல், என்ன நிறம், எழுத்து எத்தனை அங்குலம் என்று நேரடியாகப் பார்த்துவிடலாம். "இது எங்கள் ஊகம்"னு எழுதி வைத்தவருக்குத் திருத்துவது சுலபம். எழுதாதவருக்கு எதைத் திருத்தறதுன்னே தெரியாது.

31. எரியறதுக்கு முன்னாடியே அளந்து வெச்சிருந்தா? அதுக்கும் உதாரணம் உண்டு. ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-ல் பாரிஸின் நோட்ர டாம் தேவாலயத்தை லேசர் ஸ்கேனரால் அளந்தார். உள்ளும் புறமும் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். கட்டிடத்துக்கு எடுத்த சிடி ஸ்கேன் மாதிரி.

32. டாலன் 2018 நவம்பரில் மூளைப் புற்றுநோயால் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 15 அன்று நோட்ர டாம் எரிந்தது. அவருடைய அளவுகள் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் தேவாலயம் திரும்பத் திறந்தது. நோய் வருவதற்கு முன்பு எடுத்த பழைய ஸ்கேன் ஒரு டாக்டருக்கு எவ்வளவு பெரிய பொக்கிஷம்னு எங்களைக் கேளுங்க.

33. நோட்ர டாமைத் திரும்பக் கட்டிட்டாங்க. அப்ப ஜெப ஆலயங்களையும் அப்படியே கட்டியிருக்கலாமே? டிரெஸ்டனைப் பாருங்க. அங்கே 1840-ல் கோட்ஃப்ரீட் செம்பர் கட்டிய ஆலயம் இருந்தது, ஊரின் புகழ்பெற்ற ஓபரா அரங்கை வடிவமைத்த அதே செம்பர். 1938-ல் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஆல்ஃபிரட் நாய்கெபாவர் அதன் உச்சியிலிருந்த தாவீது நட்சத்திரத்தைக் காப்பாற்றி ஒளித்து வைத்தார்.

34. 2001 நவம்பர் 9 அன்று அங்கே புதிய ஜெப ஆலயம் திறந்தது. பழையதின் நகல் இல்லை. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திரும்பும் நவீனக் கல் கட்டிடம். பழைய நட்சத்திரம் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. எனக்கு இது நியாயமாப் படுது. அதே மாதிரி கட்டிட்டா, எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும். எரிக்கப்பட்டது என்பதும் வரலாறுதானே.

35. கணினி மாதிரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொழுகிறவர்கள் யாரும் இல்லாத வெறும் மண்டபம், திறப்பு விழா நாள் மாதிரி ஒரு கீறல்கூட இல்லாத பெஞ்சு. "எல்லாம் திரும்பக் கிடைச்சிடுச்சு"ன்னு நம்மைத் தேற்றிக்க அதைப் பயன்படுத்தினா அது தப்பு. அந்த விதானத்தைப் பார்த்து "இவ்வளவும் போச்சா!"ன்னு ஒருத்தர் வாயடைச்சு நின்னா, அது வேலை செஞ்சிடுச்சு.

36. இதை ஏன் இப்ப எழுதறேன்னா, இன்னைக்கு ஒரு பழைய போட்டோவை ஏஐ-கிட்ட கொடுத்தா, நிறம் பூசி, மறைஞ்ச சுவரையும் வரைஞ்சு, பத்து நொடியில தந்துடும். ஆதாரம் எது, நிரப்பினது எதுன்னு ஒரு வரி இருக்காது. அது அழகா இருக்கறதாலேயே ஷேர் ஆகும். நாலு வருஷத்துல அதுவே "ஆதாரம்" ஆகிடும். நடந்ததையே மறுக்கிற ஆட்கள் இருக்கிற வரலாற்றில், ஒரு தப்பான தூண்கூட அவங்க கைக்கு ஆயுதம்.

37. அதனால அடுத்த முறை ஒரு அழகான "மறுஉருவாக்கப்" படம் கண்ணில் பட்டால் மூணே கேள்வி கேளுங்க. எந்த ஆதாரத்திலிருந்து செய்தாங்க? எது ஊகம்னு சொல்லியிருக்காங்களா? தப்புன்னு தெரிஞ்சா திருத்த வழி இருக்கா? மூணுக்கும் பதில் இல்லைன்னா ரசிச்சுட்டு நகருங்க, ஃபார்வர்டு பண்ணாதீங்க.

38. கடைசியா ஒரு ப்ரிஸ்கிரிப்ஷன். இடிக்கப்போற வீடோ, பழைய பள்ளியோ, கோயில் மண்டபமோ உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை போனோட போங்க. வாசலை மட்டும் எடுக்காதீங்க, உள்ளே போங்க. நாலு மூலையில நின்னு நாலு படம். ஒவ்வொரு படமும் முந்தின படத்தோட பாதி ஒத்துப்போகட்டும். ஒரு படத்துல அளவு டேப்பை நீட்டி வையுங்க. நிறம் சரியா வர ஒரு வெள்ளைத்தாளையும் பக்கத்துல வெச்சு ஒண்ணு.

39. வீட்டுல பெரியவங்க இருந்தா, அந்தப் படத்தைக் காட்டிப் பேச விடுங்க, குரலைப் பதிவு பண்ணுங்க. அவங்க சந்தேகமாச் சொல்றதைச் சந்தேகமாவே எழுதி வையுங்க, நீங்க நிரப்பாதீங்க. ஜெர்மனியில அந்த மாணவர்கள் தேடிப்போனபோது பல சாட்சிகள் ஏற்கெனவே உயிரோட இல்லை. உங்க சாட்சி பக்கத்து அறையில தூங்கிட்டிருக்கலாம்.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க, ஓபி முடிஞ்சதும் வந்து பதில் சொல்றேன். 🙏